கடலோர ஆய்வுக்கூடத்தில் ஒரு கறுப்பினப் பேரறிஞர்: எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில், மாணவச் செல்வங்களுக்குப் பயன்படும் வகையில் ஒரு சான்றோரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். ஒடுக்கப்பட்ட மக்களிடையே தோன்றி அரசியலிலும் சமூகப் பணியிலும் ஒளிவீசிய தலைவர்களின் வரலாறுகளை நம் பிள்ளைகள் ஓரளவு அறிவர். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் ஒளிவீசியவர்களை அவர்கள் அறியும் வாய்ப்புக் குறைவு. ஆகவே, அமெரிக்க நாட்டில் அடிமைகளின் வழிவந்த கறுப்பின மக்களிடையே பிறந்து, கடல்வாழ் உயிர்களின் முட்டைகளை ஆராய்ந்து, உலகப் புகழ் எய்திய உயிரியல் அறிஞர் எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட் அவர்களின் வரலாற்றை இங்கு எழுத முற்பட்டோம்.

இவ்வரலாற்றைத் தேர்ந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. படித்து முன்னேறினால் போதும், எல்லாக் கதவுகளும் தாமே திறந்துவிடும் என்று நாம் மேடைதோறும் கூறி வருகிறோம். அக்கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை ஜஸ்ட் அவர்களின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கின்றது.

பிறப்பும் அன்னையும்

அமெரிக்காவின் தென்பகுதியில் தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த சார்ல்ஸ்டன் என்னும் துறைமுக நகரில் 1883ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14ஆம் நாள் ஜஸ்ட் பிறந்தார். அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டு அப்பொழுது 18 ஆண்டுகளே ஆகியிருந்தன. சட்டம் ஒழித்தாலும் மனத்திலிருந்து அது ஒழியவில்லை. பள்ளியில், இரயிலில், உணவு விடுதியில், இடுகாட்டில் என யாண்டும் நிறவேறுபாடு கோலோச்சியது. தீண்டாமை சட்டப்படி ஒழிக்கப்பட்ட பின்னரும் ஊர்கள்தோறும் நின்று நிலவியதைக் கண்ட நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தந்தையார் துறைமுகத்தில் படகுத் துறை கட்டும் தொழிலாளி. எர்னஸ்டுக்கு நான்கு வயதாகும்போதே அவர் காலமானார். குடும்பச் சுமை அன்னை மேரி அம்மையாரின் தோள்களில் விழுந்தது. அவர் ஒரு பள்ளி ஆசிரியை. ஆசிரியப் பணியின் ஊதியம் போதாமையால், கோடைக் காலங்களில் அருகிலிருந்த ஜேம்ஸ் தீவுக்குச் சென்று, உரத்திற்காகப் பாஸ்பேட் தோண்டும் சுரங்கத்தில் உடலுழைப்பாளியாக வேலை செய்தார்.

அங்கே அவர் தம் வயிற்றுப்பாட்டை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்துவிடவில்லை. கறுப்பின உழைப்பாளர் குடும்பங்களை ஒன்றுதிரட்டி, நிலம் வாங்கச் செய்து, அவர்களுக்கென ஓர் ஊரையே உருவாக்கினார். அவ்வூர் அம்மையாரின் பெயராலேயே மேரிவில் என வழங்கலாயிற்று. அங்கே ஒரு பள்ளியையும் அவர் நிறுவினார். அப்பள்ளியிலேயே எர்னஸ்ட் தம் தொடக்கக் கல்வியைப் பெற்றார். சிறு வயதில் குடற்காய்ச்சல் அவரைக் கடுமையாகத் தாக்கியது. நோய் நீங்கியபோது, கற்ற எழுத்துகளையே அவர் மறந்திருந்தார். அன்னையார் மீண்டும் முதலிலிருந்து கற்பித்தார். பின்னாளில் உலக அறிஞர்கள் படித்த நூல்களை எழுதிய அவர், எழுத்தறிவையே இருமுறை தேடிப் பெற வேண்டியிருந்தது.

கல்விப் பயணம்

பதின்மூன்று வயதில் எர்னஸ்ட் ஆரஞ்சுபர்க் நகரில் இருந்த கறுப்பின மாணவர்க்கான ஆசிரியப் பயிற்சி நிறுவனத்தில் சேர்க்கப்பட்டார். மகன் அதற்கும் மேற்பட்ட கல்வியைப் பெறல் வேண்டும் என்பது அன்னையின் வேட்கை. எனவே 1900ஆம் ஆண்டில் வட மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள கிம்பல் யூனியன் பள்ளிக்கு அவர் சென்றார். அங்கே பள்ளி இதழின் ஆசிரியராகவும் சொற்பொழிவுக் கழகத்தின் தலைவராகவும் விளங்கினார். நான்கு ஆண்டுப் படிப்பை மூன்றே ஆண்டுகளில் முடித்தார். அங்குப் பயின்ற காலத்திலேயே அன்னையார் மறைந்தார். ஊருக்குத் திரும்பிய மகன், நல்லடக்கம் முடிந்த செய்தியையே கேட்க நேர்ந்தது.

ஆதரவற்ற நிலையிலும் அவர் படிப்பைக் கைவிடவில்லை. அதே மாநிலத்தின் டார்ட்மவுத் கல்லூரியில் 1903ஆம் ஆண்டில் சேர்ந்தார். அங்கே வில்லியம் பேட்டன் என்னும் விலங்கியல் பேராசிரியரிடம் பயின்றார். ஒற்றை முட்டை எவ்வாறு முழு உயிராக வளர்கின்றது என்னும் வினா அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. பட்டப் படிப்பு மாணவராக இருந்தபொழுதே, தவளையின் வாய்ப்பகுதி கருவில் உருவாகும் முறையைப் பற்றி ஆராய்ந்தார். இளங்கலை மாணவர் ஒருவர் பாடநூலை ஒப்பிப்பதோடு நில்லாமல் தாமே புதியதொன்றைத் தேடலாம் என்பதற்கு இது சான்று. 1907ஆம் ஆண்டில் தம் வகுப்பிலேயே உயரிய சிறப்புத் தகுதியுடன் அவர் பட்டம் பெற்றார்.

இத்தகைய தேர்ச்சி பெற்ற வெள்ளை இளைஞர் எவருக்கும் பெரிய பல்கலைக்கழகங்கள் இடந்தந்திருக்கும். கறுப்பினப் பட்டதாரிக்கோ கறுப்பின மக்களுக்கான கல்லூரிகளில் ஆசிரியப் பணி ஒன்றே எஞ்சியிருந்தது. தலைநகர் வாஷிங்டனில் 1867இல் நிறுவப்பெற்ற ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் அவர் ஆசிரியரானார். முதலில் ஆங்கிலம் கற்பித்தார். பின்னர் விலங்கியலுக்கு மாறி, அத்துறையின் தலைவரானார்.

உட்ஸ் ஹோலில் கழிந்த கோடைகள்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கடற்கரையில் உட்ஸ் ஹோல் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1888ஆம் ஆண்டில் கடல் உயிரியல் ஆய்வுக்கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. கோடை விடுமுறையில் பல கல்லூரிகளின் ஆசிரியரும் மாணவரும் அங்கு வந்து, கடலில் பிடித்த உயிர்களை உடனுக்குடன் ஆராய்வர். அதன் இயக்குநராக விளங்கியவர் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் லில்லி. இவர் இயக்குநீர் ஆராய்ச்சியிலும் பெரும்பெயர் பெற்றவர். காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறக்கும் பெண் கன்று மலடாவதற்குக் கருவிலேயே கலக்கும் ஆண் இயக்குநீர் காரணம் என்று 1916ஆம் ஆண்டில் இவர் விளக்கினார். ஹார்மோன் என்று இன்று நாம் வழங்கும் சொல்லே 1905ஆம் ஆண்டில்தான் ஆங்கில அறிஞர் ஸ்டார்லிங் அவர்களால் அறிவியலில் புகுத்தப்பட்டது என்பதை நினைவிற் கொண்டால், அத்துறை அன்று எவ்வளவு இளமையானது என்பது விளங்கும்.

1909ஆம் ஆண்டின் கோடையில் ஜஸ்ட் அவர்கள் லில்லியின் உதவியாளராக உட்ஸ் ஹோலுக்கு வந்தார். அவ்வாண்டு முதுகெலும்பற்ற உயிர்களைப் பற்றிய பாடத்தையும் அடுத்த ஆண்டு கருவியலையும் அங்குக் கற்றார். அன்று தொடங்கி ஏறக்குறைய இருபது கோடைகள் அக்கடற்கரையில் கழிந்தன. பிறர் விடுமுறையை ஓய்வுக்குச் செலவிட, இவர் அதனை ஆராய்ச்சிக்குச் செலவிட்டார். ஹோவர்டில் ஆண்டு முழுவதும் கற்பித்தற் சுமை அழுத்தியதால், கோடையே இவருக்கு ஆய்வுக் காலமாக அமைந்தது.

அங்கே இவர் ஆராய்ந்த உயிர்களுள் ஒன்று நீரிஸ் என்னும் கடற்புழு. நம் பாடநூல்களில் வளைதசைப் புழுக்கள் என்ற தலைப்பில் மாணவர்கள் இதனைப் படித்திருப்பர். சேற்றில் வாழும் இப்புழு, இனப்பெருக்கப் பருவம் வந்ததும் உடலமைப்பே மாறி, கோடை இரவுகளில் நீர்ப்பரப்பிற்கு எழுந்து வந்து கூட்டமாக நீந்தும். கையில் விளக்கும் வலையும் ஏந்தி, இரவுதோறும் கரையில் நின்று இவற்றைப் பிடித்தனர் ஆய்வாளர். எத்தனை புழுக்கள் எந்த இரவில் வருகின்றன என்று கோடை முழுவதும் கணக்கெடுத்த லில்லியும் ஜஸ்டும், இப்புழுக்களின் வருகை நிலவின் வளர்பிறை தேய்பிறையோடு இயைந்து நிகழ்வதை 1913ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சிறிய ஆண் புழுக்கள் பெரிய பெண் புழுவைச் சுற்றிச் சுழன்று நீந்தும் முறையையும் அவர்கள் விவரித்தனர்.

இப்புழு சேற்றிலிருந்து எழும் வேளையை நிர்ணயிப்பது எது என்னும் வினாவுக்குப் பின்வந்த அறிஞர்கள் விடை கண்டனர். இளம் புழுவின் மூளையில் சுரக்கும் ஓர் இயக்குநீர், அது பருவமடைவதைத் தடுத்து நிறுத்தி வைக்கின்றது. அச்சுரப்பு குறையும்போது புழு உருமாறிப் பருவமடைகின்றது. பிரான்சு நாட்டு அறிஞர் துர்ஷோன் 1940களின் இறுதியில் தொடங்கிய சோதனைகள் இதற்கு வழிகாட்டின. முதுகெலும்பற்ற எளிய உயிர்களிடத்தும் இயக்குநீர் ஆட்சி செய்கின்றது என்பது இதனால் தெளிவாயிற்று. அவ்வாராய்ச்சிகளுக்கு முன்னோடியாக, இப்புழுவின் வாழ்க்கை ஒழுங்கைக் கூர்ந்து நோக்கி எழுதி வைத்தவர்களுள் ஜஸ்ட் ஒருவர்.

முட்டை கற்பித்த பாடம்

1912ஆம் ஆண்டில் ஜஸ்ட் அவர்களின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. விந்தணு நீரிஸ் முட்டையினுள் நுழையும் இடத்தை ஒட்டியே அம்முட்டை முதன்முதலில் இரண்டாகப் பிளவுறுகின்றது என்று அதில் அவர் நிறுவினார். அந்நுழைவாயில் முட்டையின் மேற்பரப்பில் எவ்விடத்திலும் அமையலாம். எனவே முதற் பிளவின் திசை முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட விதியன்று என்பது தெளிவாயிற்று.

பின்னர் வெள்ளிக் காசு போன்று தட்டையான உடலுடைய ஒருவகைக் கடல் முள்ளியின் முட்டைகளை ஆராய்ந்தார். ஒரு விந்தணு தொட்ட இடத்திலிருந்து முட்டையின் மேலுறை உயரத் தொடங்கி, மறுபுறம் வரை பரவுவதைக் கண்டார். இன்னும் நுட்பமாக நோக்கியபோது, உறை உயர்வது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னரே ஒரு மாற்றம் அலைபோல் முட்டைமேல் பரவுவதையும், அவ்வலை சென்ற இடத்தில் வேறு விந்தணு நுழைய இயலாமற் போவதையும் அறிந்தார். இதனை 1919ஆம் ஆண்டளவில் வெளியிட்டார். பல விந்தணுக்கள் நுழைந்தால் கரு சிதைந்துபோகும். அதனைத் தடுக்கும் விரைவான தடை ஒன்று உண்டு என்பதையும், அது முட்டையின் மேற்பரப்பில் தோன்றும் மின்மாற்றம் என்பதையும் 1976ஆம் ஆண்டில் லாரிண்டா ஜாஃபி என்னும் அம்மையார் கருவிகளைக் கொண்டு மெய்ப்பித்தார். எளிய நுண்ணோக்கியும் கூரிய கண்ணும் கொண்டு ஜஸ்ட் நோக்கி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

அக்காலத்தில் உயிரணுவின் மேற்பரப்பை வெறும் தோலாகவும் உள்ளிருக்கும் கருவை மட்டுமே தலைவனாகவும் பலர் கருதினர். ஜஸ்ட் அதனை ஏற்கவில்லை. மேற்பரப்பே வெளியுலகோடு உறவாடுவது, அதுவும் உயிரியக்கத்தில் பெரும்பங்கு கொள்வது என்று அவர் வாதிட்டார். பல இயக்குநீர்கள் உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளைப் பற்றியே தம் செய்தியை உள்ளே அனுப்புகின்றன என்று இன்று பள்ளி மாணவரும் படிக்கின்றனர்.

அவருடைய செய்முறை ஒழுங்கு தனிச்சிறப்புடையது. கண்ணாடிக் கலங்கள் மாசற்றிருத்தல் வேண்டும். ஆணையும் பெண்ணையும் தனித்தனியே வைத்தல் வேண்டும். கடல்நீர் சூடேறலாகாது. கடலிலிருந்து எடுத்து நெடுநேரம் கடந்த உயிரின் முட்டை சோதனைக்கு ஆகாது. இவற்றுள் ஒன்று தவறினும் முட்டை இயற்கைக்கு மாறாக நடந்துகொள்ளும். அதனைக் கண்ட ஆய்வாளர் தம் பிழையை இயற்கையின் விதி என்று மயங்குவர். எனவே முதலில் நலமான முட்டையை அறிந்துகொள்க, பின்னர்ச் சோதனை செய்க என்பது அவர் கொள்கை. உட்ஸ் ஹோலில் தம் சோதனை வெற்றியடையாத மூத்த அறிஞர்களும் இவரிடம் வந்து முறை கேட்டுச் சென்றனர். இம்முறைகளைத் தொகுத்து ஒரு நூலும், உயிரணுவின் மேற்பரப்பைப் பற்றி ஒரு பெருநூலும் 1939ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் ஏறத்தாழ எழுபது.

பெருமையும் சிறுமையும்

கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம், அம்மக்களுள் பெருஞ்சாதனை புரிந்தோர்க்கு வழங்கும் ஸ்பிங்கார்ன் பதக்கத்தை முதன்முதலாக ஜஸ்ட் அவர்களுக்கே 1915ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நியூயார்க்கு நகரில் வழங்கியது. அப்பொழுது அவருக்கு வயது 31. அதே நாட்களில் அதே நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நம் அண்ணல் அம்பேத்கர் மாணவராகப் பயின்று கொண்டிருந்தார் என்பதை எண்ணும்போது நம் உள்ளம் பூரிக்கின்றது. அடுத்த ஆண்டான 1916இல் ஜஸ்ட் அவர்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

பதக்கமும் பட்டமும் பெற்ற பின்னரும் நிலைமை மாறவில்லை. வெள்ளையர் பல்கலைக்கழகம் எதுவும் அவருக்கு ஆராய்ச்சிப் பதவி அளிக்க முன்வரவில்லை. அவருடைய அறிவை மதித்தவர்களே, கறுப்பின மக்களின் கல்லூரியில் இருந்து அவர்களுக்குத் தொண்டு செய்வதே அவருக்குத் தகுந்தது என்று நாகரிகமாகச் சொல்லி ஒதுங்கினர். உட்ஸ் ஹோலில் ஆய்வு மேசையருகே அவர் ஆசான், விருந்தும் உறவாடலும் நிகழும் இடங்களில் அயலான். ஜூலியஸ் ரோசன்வால்டு என்னும் செல்வரின் கொடை சில காலம் அவருடைய ஆராய்ச்சிக்குத் துணைநின்றது. அக்கொடையும் நிலையானதன்று. ஆண்டுதோறும் உதவிக்காக விண்ணப்பம் எழுதுவதிலேயே அவருடைய ஆற்றலின் ஒரு பகுதி கரைந்தது.

கடல் கடந்த வாழ்வு

1929ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் கடலாய்வு நிலையத்திற்கும், 1930இல் பெர்லின் நகரின் கைசர் வில்ஹெல்ம் நிறுவனத்திற்கும் அவர் சென்றார். ஐரோப்பிய அறிஞர்கள் அவரைத் தம்மில் ஒருவராக ஏற்று உபசரித்தனர். 1930ஆம் ஆண்டின் கோடையில் உட்ஸ் ஹோலுக்குத் திரும்பி வந்து, ஆசான் லில்லியின் அறுபதாம் ஆண்டு நிறைவையொட்டிய விழாவில் கலந்துகொண்டார். இருபது ஆண்டுகளில் அங்குக் கிடைக்காத தோழமை ஐரோப்பாவில் குறுகிய காலத்திலேயே கிடைத்தது என்னும் கருத்தை அவையறியக் கூறினார். அதன்பின் அக்கடற்கரையில் அவர் ஆராய்ச்சி செய்யவே இல்லை.

1933ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். இனவெறி அங்கும் அரசேறியது. ஜஸ்ட் அவர்கள் பிரான்சு நாட்டிற்குச் சென்று, ராஸ்காஃப் கடலாய்வு நிலையத்தில் பணியைத் தொடர்ந்தார். 1940ஆம் ஆண்டில் ஜெர்மானியப் படை பிரான்சைக் கைப்பற்றியபோது அவர் முகாமில் சிறைவைக்கப்பட்டார். அதற்குமுன் அவர் மறுமணம் புரிந்திருந்த ஹெட்விக் அம்மையாரின் தந்தையின் முயற்சியாலும் அமெரிக்க அரசின் தலையீட்டாலும் விடுதலை பெற்றுத் தாயகம் திரும்பினார். ஹோவர்டில் மீண்டும் பணியேற்ற சில காலத்திலேயே கணையப் புற்றுநோய்க்கு இரையாகி, 1941ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 27ஆம் நாள் இயற்கை எய்தினார். அகவை 58.

மறைவுக்குப் பின் நெடுங்காலம் அவர் பெயர் மறக்கப்பட்டிருந்தது. 1983ஆம் ஆண்டில் கென்னத் மேனிங் என்னும் பேராசிரியர் எழுதிய வாழ்க்கை வரலாறு அவரை மீண்டும் உலகின் கண்முன் நிறுத்தியது. அமெரிக்க உயிரணு உயிரியல் கழகம் 1994 முதல் அவர் பெயரால் சொற்பொழிவு நடத்தி வருகின்றது. 1996ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

இளைஞர்களே! இவ்வரலாற்றிலிருந்து உழைப்பின் உயர்வை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றுவிடல் ஆகாது. ஜஸ்ட் அவர்களிடம் உழைப்பில் குறையில்லை, அறிவில் குறையில்லை, ஒழுங்கில் குறையில்லை. ஆயினும் நிலையான ஓர் ஆய்வுக்கூடம் அவருக்குத் தாயகத்தில் அமையவில்லை. குறை அவரிடத்தில் இல்லை, அவரைச் சூழ்ந்திருந்த சமுதாயத்தில் இருந்தது. தகுதி பெற்றும் ஒதுக்கப்படும் ஒருவர் தம்மையே நொந்துகொள்ளல் வேண்டா என்பது முதற் பாடம்.

இரண்டாவது பாடம் நம் சங்கத்திற்கு உரியது. மேரி அம்மையார் ஊரைத் திரட்டிப் பள்ளி எழுப்பியிராவிடின் எர்னஸ்ட் என்னும் அறிஞர் தோன்றியிருக்க மாட்டார். அதே வேளையில், அவர் உயர்ந்த நிலையை எய்திய பின்னர்த் தாங்கிப் பிடிக்கும் வலிமையுள்ள நிறுவனம் இன்மையால் அவருடைய பணி பலமுறை தடைப்பட்டது. ஒரு பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதோடும், கல்லூரிக் கட்டணத்திற்கு உதவுவதோடும் நம் கடமை முடிந்ததாகக் கருதலாகாது. அப்பிள்ளை உயர்கல்வி நிலையத்தில் தனித்து நிற்கும் நாளிலும், நேர்முகத் தேர்வில் ஒதுக்கப்படும் நாளிலும் பின்னே நிற்பதற்குச் சங்கம் வேண்டும். ஆசிரியப் பணியில் நாம் கண்டவரை, படிப்பில் பின்தங்கி வெளியேறிய நம் பிள்ளைகளினும், நன்கு படித்தும் துணையின்றி மனமுடைந்து திரும்பியவர்களே நம்மை மிகுதியும் வருத்தியுள்ளனர்.

இன்று நம் நாட்டிலும் கோடை விடுமுறையில் இளங்கலை மாணவர்களை ஆய்வுக்கூடங்களுக்கு அழைத்து, உதவித்தொகையும் தந்து, ஆராய்ச்சியில் பழக்கும் திட்டங்கள் நடைபெறுகின்றன. அறிவியல் பயிலும் நம் இளைஞர்கள் அவற்றைக் கேட்டறிந்து விண்ணப்பித்தல் வேண்டும். கல்லூரியில் பயிலும் மூத்தோர் இளையோர்க்கு வழிகாட்டல் வேண்டும். சங்கம் அவர்களுடைய பயணச் செலவுக்கும் தங்கும் செலவுக்கும் ஒரு சிறு நிதியையேனும் ஒதுக்குமாயின், அதுவே இவ்வெள்ளிவிழாவின் நிலைத்த நினைவாக அமையும் என்பது நம் பணிவான கருத்து. பொன்விழா மலரை எழுதும் கை, நம் ஊர்ப் பிள்ளைகளுள் ஒருவர் ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மையை எழுதும் கையாக இருத்தல் வேண்டும்.